பச்சைத் தண்டு

பம்பு சண்டையில் நியாயம் யார் பக்கம் என்று ஒரு வாரமாக நீங்கள் அடித்துக்கொள்வது என் காதுக்கும் வந்தது. பாதிப் பேர் அண்ணன் பக்கம், பாதிப் பேர் தம்பி பக்கம். அண்ணன் மனைவி பர்மிளாவுக்காகப் பேச ஓர் ஆள் இல்லை. அவளுக்கு அது தேவையும் இல்லை. தன் பக்கத்தைத் தானே ஊர் கேட்கப் பேசிக்கொள்ளும் வாய் அவளுக்கு இருக்கிறது.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் இரண்டு வரி. ஹோலி முடிந்த கையோடு அண்ணனும் தம்பியும் நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். மேட்டு நிலமும் நாற்றுப் பண்ணையும் அண்ணன் ஜெய்கரனுக்கு. ஆற்றோரத்து ஈர நிலம் தம்பி விமலேஷுக்கு. போன வாரம் தண்ணீர் இறைக்கும் பம்பு யாருக்கு என்று வாய் முற்றியதில், விமலேஷ் பம்பையும் தூக்கிக்கொண்டு ஆற்றோரத்துத் தகரக் கொட்டகைக்கே குடிபோய்விட்டான். நிலத்தைப் பிரித்ததிலிருந்து ஜெய்கரன் அந்தப் பக்கம் காலடி வைத்ததில்லை.

இந்த வாரச் சண்டை தக்காளி நாற்றைப் பற்றியது. இதோடு பார்த்தால் பம்பு சண்டை ஒன்றுமே இல்லை.

ஜெய்கரனின் மனைவி பர்மிளா காலையில் தேநீருக்கு முன்பே நிழல்வலைக் கூடாரத்துக்குள் போய்விடுவாள். உள்ளே இரண்டு நீள மேசைகள். இடது மேசைக் குழித்தட்டுகளில் ஹைபிரிட் தக்காளி, வலது மேசையில் நாட்டுத் தக்காளி. இரண்டையும் ஒரே நாளில் விதைப்பாள், ஒரே பூவாளியால் தண்ணீர் விடுவாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நாற்றின் குணம் தெரியும் என்பது அவள் கட்சி.

ஹைபிரிட் எப்படி வரும் என்று அவளால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிரார்த்தனைக்கு நிற்பது மாதிரி எல்லாம் ஒரே நாளில் எழுந்து வரிசையாக நிற்கும். ஒரே உயரம், ஒரே தடிமன், மண்ணை ஒட்டிய தண்டு எல்லாவற்றிலும் ஊதா. நாட்டு ரகம் அப்படி இல்லை. ஒன்று முந்தும், இன்னொன்று சாவகாசமாகப் பின்னால் வரும், ஒரு குழி காலியாகவே கிடக்கும். ஆனால் லேட்டாக வந்தாலும் எல்லாம் ஒரே வார்ப்புதான், இலையிலும் தண்டிலும் கலப்பு இருக்காது.

அன்று காலை இடது மேசை வலது மேசையை விடக் கேவலமாக இருந்தது.

சில நாளாகவே அவளுக்குச் சின்ன உறுத்தல். வெயில் சரியாக விழவில்லையோ என்று தட்டுகளைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தாள். முந்தின நாள் ஜெய்கரனிடம் "நாத்து ஒரு மட்டமா வரலீங்க" என்று மட்டும் சொல்லியிருந்தாள். அவன் "மழை அப்படி" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

இன்று குனிந்து தண்டைப் பார்த்தாள். ஊதா, ஊதா, ஊதா, பச்சை. அடுத்த வரிசையிலும் பச்சை. அடுத்த தட்டிலும். கிட்டத்தட்ட நாலு குழிக்கு ஒரு குழி, வெள்ளரித் தண்டு மாதிரி வெளிர்ப்பச்சை.

இத்தனை வருடத்தில் இந்த ஹைபிரிட்டில் பச்சைத் தண்டை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் வேறோர் இடத்தில் பார்த்திருக்கிறாள். பழைய பயிர் நின்ற இடத்தில் ஹைபிரிட் பழம் விழுந்து, அழுகி, மழைக்குத் தானாக முளைத்த கன்றுகள் இப்படித்தான் நெட்டையும் குட்டையுமாக, ஊதாவும் பச்சையுமாகக் கிடக்கும். ஹைபிரிட் பழத்திலிருந்து எடுத்த விதை ஹைபிரிட் ஆகாது. முளைக்கும், பூக்கும், ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணத்தோடு போகும்.

அப்படியென்றால் இந்தத் தட்டில் இருப்பது கம்பெனி விதை இல்லை. யாரோ பழத்தைப் பிழிந்து எடுத்த விதை. அதைக் கம்பெனிப் பொட்டலத்தில் போட்டு, அவள் கையாலேயே விதைக்க வைத்திருக்கிறார்கள்.

மதியம் வசிதி நாற்று வாங்க வருகிறாள். ஆற்றுக்கு மேலே, மலையடிவாரக் கிராமத்துக்காரி. அவள் மண்ணில் வாடல் நோய் இருக்கிறது; ஈர மண் என்றால் அதற்குக் கொண்டாட்டம். பிஞ்சு பிடிக்கும் நேரத்தில் செடி பச்சையாகவே தொங்கிச் சாகும், மருந்தே கிடையாது. இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு வயலே அப்படிச் செத்தது. அதிலிருந்து அந்த நோயைத் தாங்கும் இந்த ஹைபிரிட்டைத் தவிர வேறு எதையும் அவள் நடுவதில்லை. அதுவும் பர்மிளா கையால் வாங்கினால்தான் நடுவாள். இந்த நாற்று போனால் வசிதியின் வயல் இன்னொரு முறை சாகும். சாகடித்தது பர்மிளாவின் கையாக இருக்கும்.

இந்த வருடத்து விதைப்புக்கெல்லாம் சேர்த்து, நிலம் பிரித்த கையோடு, பொட்டலத்தை நாடி நகரத்திலிருந்து வாங்கி வந்தவன் விமலேஷ். பம்பைத் தூக்கிக்கொண்டு போனவனும் அவன்தான். பர்மிளாவுக்குக் கணக்கு சட்டென்று முடிந்துவிட்டது. ஒரு பச்சைத் தண்டு நாற்றைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் ஆற்றோரம் இறங்கினாள்.

விமலேஷ் தக்காளிச் செடிகளைக் குச்சியில் கட்டிக்கொண்டிருந்தான்.

"வாங்க அண்ணி! டீ வைக்கவா?"

"உன் டீயை நீயே குடி. அந்த விதைப் பொட்டலத்தை யாருக்கு வித்தே?"

"எந்தப் பொட்டலம்?"

"நடிக்காதே விமலேஷ். நாடியிலருந்து கொண்டு வந்தியே, ஹைபிரிட் தக்காளி. அதை வித்துட்டு, உள்ள பழத்து விதையை ரொப்பிக் குடுத்திருக்கே. இந்தா பாரு, பச்சைத் தண்டு! இது ஹைபிரிட்டா? உங்கப்பா மேல சத்தியம் பண்ணிச் சொல்லு, இது ஹைபிரிட்டா?"

அவன் நாற்றை வாங்கிப் பார்த்தான். முகம் செத்துப்போனது.

"அண்ணி, நான் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்ல. அண்ணன் வண்டியில, முன்கண்ணாடிகிட்ட வச்சேன். அண்ணன்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"இப்ப பழியை அவர் மேல போடு! நெலத்தைப் பிரிச்சாச்சு, பம்பைத் தூக்கியாச்சு, இப்ப என் நாத்துல கை வச்சிருக்கே. திருடறதுன்னா வேற எதையாவது திருடக்கூடாதா?"

பக்கத்து நிலத்தில் கத்திரிக்காய் பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவன் பறிப்பதையே நிறுத்திவிட்டு, கூடை மேல் உட்கார்ந்துகொண்டான். எங்கள் பள்ளத்தாக்கில் அடுத்த வீட்டுச் சண்டை என்றால் யாருக்கும் அவசர வேலை இருக்காது.

விமலேஷ் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

"அண்ணி, இங்க பாருங்க. நீங்க நம்பாட்டி போகட்டும், இதுக்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்க." அவன் ஒரு செடியைக் காட்டினான். பூவும் பிஞ்சுமாக நின்ற செடி, காலை வெயிலுக்கே தலையைத் தொங்கப் போட்டிருந்தது. அந்த வரிசையில் அங்கங்கே இன்னும் சில. "நம்ம வீட்டு நாத்துதான். எங்க தப்பு பண்ணேன்னு தெரியல."

"நாத்துல குறை சொல்றியா? நாத்து நல்ல நாத்து. வெவசாயம் பண்ணத் தெரியணும், பம்பு தூக்கத் தெரிஞ்சா மட்டும் போதாது!"

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். கத்திரிக்காய்க்காரர்கள் அவசரமாகக் குனிந்துகொண்டார்கள்.

கூடாரத்துக்குத் திரும்பியபோது உள்ளே ஜெய்கரன் இருந்தான். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு இடது மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் குழிகளில் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு நாற்றைப் பிடுங்கிக் கீழே போடுகிறான், பக்கத்துத் தட்டிலிருந்து ஒன்றை வேர் மண்ணோடு எடுத்து அந்தக் குழியில் செருகுகிறான், விரலால் அழுத்துகிறான். நல்ல வேகம்.

பர்மிளா அவன் காலடியில் கிடந்த நாற்றுகளைப் பார்த்தாள். அத்தனையும் பச்சைத் தண்டு. சிலது நல்ல உயரமான நாற்றுகள்.

"என்னங்க பண்றீங்க?"

"நீதானே ஒரு மட்டமா வரலேன்னே. சோதாவை எல்லாம் எடுக்கறேன்."

"சோதான்னா குட்டையைத்தானே எடுக்கணும்? நெட்டையைப் பிடுங்கிப் போட்டிருக்கீங்க. நான் உங்ககிட்ட ஒசரத்தைப் பத்தித்தான் சொன்னேன். தண்டைப் பத்திச் சொல்லவே இல்லியே."

விரல்கள் நின்றன.

"தண்டு நிறத்தைப் பார்த்துப் பிடுங்கணும்னு உங்களுக்கு யார் சொன்னது?"

ஜெய்கரன் நிமிரவில்லை. இருபது வருடமாக அவனைத் தெரிந்தவளுக்கு அவன் பிடரியே போதும். பர்மிளா மேசையைச் சுற்றிக்கொண்டு அவன் எதிரே வந்து நின்றாள்.

"நீங்களா?"

"கத்தாதே."

"நீங்களாங்க?"

"விதை செத்துப்போச்சு!" என்றான் அவன் கோபமாக. தப்பு செய்தவர்களுக்கு முதலில் வருவது கோபம்தான். "அவன் வண்டியில வச்சான். நான் எடுத்து உள்ள வைக்க மறந்துட்டேன். கண்ணாடி பக்கத்துல வெயில்ல கெடந்து வெந்துபோச்சு. ஈரத்துணியில போட்டுப் பார்த்தேன், ஒண்ணுகூட மொளைக்கல. மறுபடி வாங்கலாம்னா கடையில சரக்கே இல்ல. ஜனங்க எல்லாம் நாத்துக்கு சொல்லி வச்சிருக்காங்க. என்ன பண்ணச் சொல்றே?"

"என்கிட்ட சொல்லணும்!"

"உன்கிட்டயா? சொன்னா நீ என்ன பண்ணியிருப்பேன்னு எனக்குத் தெரியாதா? நாலு தெருவுக்குக் கேக்கற மாதிரி என்னைக் கிழிச்சிருப்பே. உன் வாய்க்குப் பயந்துதான் பண்ணேன். நல்ல பழமாப் பார்த்து விதை எடுத்தேன். அதே செடி, அதே பழம். என்ன பெரிய வித்தியாசம்?"

"வித்தியாசம் என்னன்னு தெரிஞ்சதாலதானே பச்சையைப் பொறுக்கறீங்க!"

அவன் சரிசெய்து வைத்திருந்த தட்டைப் பர்மிளா பார்த்தாள். ஒரே உயரம், எல்லாம் ஊதா. நிஜமான ஹைபிரிட் தட்டில்கூட ஒன்றிரண்டு நாற்று லேசாகச் சாய்ந்து நிற்கும். இது அதைவிட அழகாக இருந்தது. காலையில் தண்டைப் பார்க்காமல் இருந்திருந்தால் அவளே இதைத் தூக்கி வண்டியில் ஏற்றியிருப்பாள். காலையில் ஊர் பார்க்கக் கொழுந்தனைத் திருடன் என்று கத்திவிட்டு வந்தது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

வெளியே ஹார்ன் சத்தம்.

வசிதி மாமன் மகனின் வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். பருத்த உடம்பு, இடுப்பில் பூப்போட்ட சுலு வேட்டி, காதோரம் ஒரு செம்பருத்தி. மடியில் வாழையிலையில் கட்டிய மரவள்ளிக் கிழங்கு. ஒரு தடவைகூட வெறுங்கையோடு இந்த வீட்டுக்கு அவள் வந்ததில்லை.

"புலா, பர்மிளா!" என்று தன் பாஷையில் வணக்கம் சொன்னாள். "என்ன மொகம் இப்படி இருக்கு? மறுபடியும் புருஷனை அடிச்சியா?"

ஜெய்கரன் முந்திக்கொண்டான். சிரித்தபடியே சரிசெய்த தட்டு ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனான். "இந்தா பாரு வசிதி. இந்த வருஷம் மாதிரி நாத்து எந்த வருஷமும் வந்ததில்ல."

வசிதி தட்டைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். "அம்மாடி! என்ன அழகு! என் வயல் உழுது ரெடியா இருக்கு. இன்னிக்கு சாயங்காலமே நட்டுடுவேன், ராத்திரி மழை வரும்."

"வசிதி, அதைக் கீழ வை," என்றாள் பர்மிளா.

"பர்மிளா!" என்றான் ஜெய்கரன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"கீழ வை. அது ஹைபிரிட் இல்ல. பழத்துலருந்து எடுத்த விதை. பச்சைத் தண்டை எல்லாம் இவர் பொறுக்கிப் போட்டுட்டாரு, அதான் அழகா இருக்கு. கீழ கெடக்கு பாரு."

வசிதி கீழே பார்த்தாள். பிறகு தட்டைப் பார்த்தாள்.

"ஊதாவா இருக்கறது எல்லாம் நிக்குமா?"

"சிலது நிக்கும், சிலது சாகும். எது நிக்கும் எது சாகும்னு நாத்துல யாராலயும் சொல்ல முடியாது. காய் பிடிச்சப்புறம்தான் தெரியும்."

வசிதி தட்டை மண்ணில் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். ஆனால் நிமிர்ந்தபோது அவள் கண்ணில் நன்றி இல்லை. பர்மிளா அதை எதிர்பார்த்தாளோ என்னவோ, கிடைக்கவில்லை.

"உண்மையைச் சொல்லிட்டே. ரொம்ப நல்லது," என்றாள் வசிதி. "இப்ப நான் எங்க போறது? உன்னை நம்பி வேற யார்கிட்டயும் சொல்லி வைக்கல. வயல் காஞ்சு கெடக்கும். எம் புள்ளைங்ககிட்ட உன் உண்மையை நட்டிருக்கேன்னு சொல்லவா?"

"நாட்டு நாத்து தரேன். காசு வேண்டாம்."

"அதுதானே அந்த மழையில செத்துச்சு! மறந்துட்டியா?"

மரவள்ளிக் கட்டை அவள் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பிச்சை போடுகிற மாதிரி மேசை மேல் வைத்துவிட்டு வண்டியில் ஏறினாள். காலித் தட்டுகள் வண்டியின் பின்னால் கடகடத்துக்கொண்டே போயின.

வண்டி வளைவில் மறைகிற வரைக்கும்தான் ஜெய்கரன் பொறுத்தான்.

"திருப்தியா? வெளி ஆள் முன்னாடி என் மானத்தை வாங்கியாச்சா? இனிமே இந்த ஆத்தங்கரையில எவன் நம்மகிட்ட நாத்து வாங்குவான்? அவ கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. ஒருத்தர் கண்ணுக்கும் தெரிஞ்சிருக்காது. உன் கொழுந்தன் பூ வர்ற வரைக்கும் வளத்துட்டான், அவனுக்கே தெரியல. உனக்கு மட்டும் எங்கிருந்து..."

நிறுத்தினான். நிறுத்தியது லேட்.

போன தடவை நாற்று விட்டபோது அவள் தலைநகர் சூவாவில், அக்காவின் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஜெய்கரன் தனியாகத்தான் பண்ணையைப் பார்த்துக்கொண்டான். தம்பிக்கு நாற்றுத் தட்டுகளை எடுத்துக் கொடுத்ததும் அவன்தான். இந்த விரல் வேகம் இன்று காலையில் வந்தது இல்லை.

"விமலேஷுக்கும் இதேயா?"

"பர்மிளா..."

"ஈர நெலத்தையும் அவன் தலையில கட்டி, அதுல சாகற நாத்தையும் குடுத்தியா? உன் கூடப் பொறந்தவனுக்கா?"

கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அவனை 'நீ' என்று சொன்னதே இல்லை. சொன்னது அவளுக்கே தெரியவில்லை.

"வேணும்னு குடுக்கல. அப்பதான் கொஞ்சம் சமாதானமா இருந்தோம். தட்டு காலின்னா நான் வேணும்னே குடுக்கலேன்னு நெனைப்பான். மத்தவங்களுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி எப்படி வருதுன்னு பார்க்கலாம்னும்..."

"அவனை வச்சுப் பார்த்தியா?"

அவன் விரலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டான்.

"செடி தொங்குது. காலையில எனக்குக் காட்டினான். வெவசாயம் பண்ணத் தெரியலேன்னு அவனைத் திட்டிட்டு வந்தேன். வா."

"எங்க?"

"நான் சொல்ல மாட்டேன். நீயே உன் வாயால சொல்லு. நட!"

ஜெய்கரன் நடந்தான். அவள் பின்னால் நடந்தாள், எங்கேயாவது நழுவிவிடுவானோ என்று. ஆற்றோரத்து வேலியருகே வந்ததும் அவன் கால் தயங்கியது. அதற்குள் விமலேஷ் பார்த்துவிட்டான்.

கையில் இருந்த கயிற்றுச் சுருளைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். நிஜமாகவே ஓடி வந்தான், முப்பது வயது ஆண்பிள்ளை.

"அண்ணா! வா, வா, உள்ள வா!" கொட்டகையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கூடையை இழுத்துப் போட்டு, தோளிலிருந்த துண்டால் துடைத்தான். "அண்ணி, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். காலையில பேசினதை எல்லாம் நான் அப்பவே விட்டுட்டேன். அண்ணனைக் கூட்டிக்கிட்டு வந்தீங்களே, அது போதும்."

பர்மிளா கணவனைப் பார்த்தாள். அவன் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பம்பு உனக்கு வேணும்னா எடுத்துக்க அண்ணா. இல்ல, மொறை வச்சுக்கலாம். ஒரு நாள் உனக்கு, ஒரு நாள் எனக்கு. அதுக்கெல்லாம் ஒரு சண்டையா?" அவனால் பேச்சை நிறுத்த முடியவில்லை. "இங்க வா, இதை மட்டும் பாரு. அண்ணி கோவத்துல பார்க்கவே இல்ல. நீ பார்த்தா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவே. நேத்து மூணு தொங்குச்சு, இன்னிக்கு இந்த வரிசையே ஆரம்பிச்சிருக்கு. என்ன அண்ணா இது?"

ஜெய்கரன் குனிந்தான். தொங்கிய இலையைக் கையில் பிடித்தான். தண்டைத் தடவிப் பார்த்தான். தெரிந்த ஒன்றைத் தெரியாதவன் மாதிரி வெகுநேரம் பார்த்தான். சொல்லு, சொல்லித் தொலை என்று பர்மிளா மனசுக்குள் கத்திக்கொண்டு நின்றாள்.

"தண்ணி ஜாஸ்தியா விடறே தம்பி," என்றான் ஜெய்கரன். "கொஞ்சம் கொறச்சு விடு. சரியாயிடும்."

"நானும் அதைத்தான் நெனச்சேன்!" விமலேஷ் தொடையில் தட்டிக்கொண்டு பம்பை நிறுத்தத் திரும்பினான்.

"விமலேஷ், நில்லு!" பர்மிளாவின் குரல் ஆற்றின் அக்கரை வரை போயிருக்கும். "பம்பைத் தொடாதே. தண்ணியில ஒரு குத்தமும் இல்ல."

அவன் திரும்பி அண்ணியைப் பார்த்தான். பிறகு அண்ணனைப் பார்த்தான். ஜெய்கரன் இலையை இன்னும் கையிலிருந்து விடவில்லை, நிமிரவும் இல்லை. விமலேஷின் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்போதும் இருந்தது.